சுவரில் எழுதாத மூன்று வசனங்கள்



லெந்து நாட்களில் பழைய தவறுகளைப் பற்றியும் குற்றவுணர்வைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். வசனங்களைக் கொண்டே இந்தப் பொருளில் ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். ஏசாயா முதல் அதிகாரம், மீகா ஏழாம் அதிகாரம், யோவானின் முதல் நிருபம் எல்லாம் நம்மில் பலருக்கு மனப்பாடம். ஞாயிறு காலை பாவ அறிக்கை சொல்லி, மன்னிப்பின் வார்த்தையைக் கேட்டு, திருவிருந்தும் எடுத்துவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு அதே பழைய நினைவோடு விழித்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். வசனம் தெரியாததால் அவர்கள் விழித்திருக்கவில்லை. ஆகையால் இன்றைக்கு ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அதில் மன்னிப்பு எப்போது வந்தது, குற்றவுணர்வு எப்போது வந்தது என்று தேதி போட்டுப் பார்ப்போம். வரிசை நாம் எதிர்பார்க்கிறபடி இருக்காது.

அவர் பெயர் ஜான் நியூட்டன். 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதியவர். கன்வென்ஷன் மேடைகளில் அவர் கதையை இப்படிச் சொல்வார்கள்: அடிமைக் கப்பலுக்கு அவர் கேப்டன், நடுக்கடலில் புயல் வந்தது, ஆண்டவரைக் கூப்பிட்டார், அந்த இடத்திலேயே இரட்சிக்கப்பட்டார், கப்பலைத் திருப்பினார், அடிமைகளை விடுவித்தார், கண்ணீரோடு பாட்டை எழுதினார். அழகான கதை. ஆனால் பாதி தப்பு. நமக்கு வேண்டிய செய்தி அந்தத் தப்பான பாதியில்தான் ஒளிந்திருக்கிறது.

நியூட்டன் 1725-இல் லண்டனில் பிறந்தார். பக்தியுள்ள தாய் ஏழு வயது நிறையும் முன்பே இறந்துபோனார். தகப்பனார் கப்பல் தலைவர். பையனும் கடலுக்குப் போனான். 1744-இல் கடற்படைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் அவரையும் பிடித்துப்போனார்கள். தப்பி ஓடினார், அகப்பட்டார், கசையடி வாங்கினார். பிறகு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஓர் ஆங்கில அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வியாபாரியின் ஆப்பிரிக்க மனைவி இவரைப் பட்டினி போட்டு அடிமையைப்போல நடத்தினார். இது நியூட்டனே எழுதிவைத்திருப்பது. தகப்பனார் சொல்லி அனுப்பிய ஒரு கப்பல் அவரைக் கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டது. கப்பலின் பெயர் 'கிரேஹவுண்ட்'. புயலில் சிக்கியது அந்தக் கப்பல்தான்.

நாள் 1748 மார்ச் 21. நியூட்டன் அப்போது கேப்டனும் இல்லை, கப்பலில் அடிமைகளும் இல்லை. சரக்கில் பெரும்பகுதி தேன்மெழுகும் சாயமரமும்தான். தண்ணீரைவிட லேசான அந்தச் சரக்கு இருந்ததால்தான் பக்கவாட்டுப் பலகை பிளந்தும் கப்பல் மூழ்கவில்லை. மணிக்கணக்கில் தண்ணீர் இறைத்து, பிறகு சுக்கானைப் பிடித்து நின்றபோது, சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. நான்கு வாரம் கழித்துக் கந்தலாகி அயர்லாந்துக் கரையைச் சேர்ந்தார்கள். அந்த மார்ச் 21-ஐ நியூட்டன் வாழ்நாள் முழுக்க ஜெபநாளாக அனுசரித்தார்.

இனித்தான் கவனிக்க வேண்டியது. அதே 1748-இல் ஓர் அடிமைக் கப்பலில் துணைத்தலைவனாகச் சேர்ந்தார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள், மூன்றிலும் அவரே கேப்டன். அதாவது இரட்சிக்கப்பட்ட பிறகுதான் அவர் அடிமைக் கப்பலின் தலைவர் ஆனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்தினார். மனைவி மேரிக்கு உருக உருகக் கடிதம் எழுதினார். அவர் காலடிக்குக் கீழே, கப்பலின் அடித்தட்டில், விலங்கிட்ட மனிதர்கள் கிடந்தார்கள். அந்தப் பயணங்களின் கப்பல் நாட்குறிப்பு அவர் கையெழுத்திலேயே கிடைத்திருக்கிறது. 1752-ஆம் ஆண்டுக் கடைசியில் அடிமைகள் கலகம் செய்யத் திட்டமிடுகிறார்களோ என்று சந்தேகம் வந்ததும், சில சிறுவர்களுக்கு விலங்கு மாட்டி, கட்டைவிரலை நெரிக்கும் கருவியை இட்டு உண்மையை வரவழைத்ததாக அதில் எழுதியிருக்கிறார். அன்றாட வேலைகளை எழுதுகிற அதே தொனியில் இதையும் எழுதியிருக்கிறார்.

இந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. வரவேண்டியதுதான். பாடலின் இனிமைக்காக அந்தச் சிறுவர்களை மறந்துவிடக் கூடாது.

1754-இல் அவர் கடலை விட்டார். மனசாட்சி உறுத்தி விட்டதாக நினைக்காதீர்கள். நான்காம் பயணத்துக்குத் தயாராக இருந்தவருக்குத் திடீரென்று வலிப்பு போல ஒன்று வந்தது. மருத்துவர்கள் போக வேண்டாம் என்றார்கள். பிறகு லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க உத்தியோகம். கிரேக்கத்தையும் எபிரெயத்தையும் தாமே படித்தார். 1764-இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்ற சிற்றூருக்கு ஆயரானார். அதே ஆண்டு தம் வாழ்க்கைக் கதையைக் கடிதங்களாக எழுதி வெளியிட்டார். புத்தகம் பரபரப்பாக விற்றது.

அதில் எந்தெந்தப் பாவங்களை அறிக்கையிடுகிறார் என்று பாருங்கள். தேவதூஷணம் பேசியது, இச்சையில் திரிந்தது, விசுவாசிகளைக் கேலிசெய்து கெடுத்தது. எல்லாவற்றுக்கும் மனமுடைந்து வருந்துகிறார். அடிமை வணிகத்தைப் பற்றி? சிறைக் காவலன் வேலைபோல இருந்தது, மனசுக்கு ஒட்டவில்லை, இதைவிட நல்ல தொழிலைத் தரும்படி ஜெபித்தேன் என்ற அளவில் நிற்கிறது. வாயிலிருந்து வந்த கெட்ட வார்த்தைக்காக அழுதவருக்கு, விற்ற மனிதர்களுக்காக அழத் தெரியவில்லை.

அவரைத் தூக்கிலிடுவதற்கு முன் நம்முடைய சாட்சிக் கூட்டங்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். குடித்தேன், சிகரெட் பிடித்தேன், சினிமாவே கதியென்று கிடந்தேன், ஆண்டவர் தொட்டார். அல்லேலூயா. எத்தனை கேட்டிருக்கிறோம்! மருமகளின் தகப்பனிடம் கறாராகப் பேசி இத்தனை பவுன் வாங்கினேன் என்று யாராவது சாட்சி சொன்னதுண்டா? மீட்டர் வட்டிக்குக் கடன் கொடுத்து ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு ஓட வைத்தேன் என்று? திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்காகச் சுவர் எழுப்பியவர்கள் யாரோ வேற்று மதத்தார் என்றா நினைக்கிறீர்கள்? ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான் எழுப்பினார்கள். எந்தப் பாவத்துக்கு வருந்தலாம் என்பதற்குக்கூட ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. 1764-இல் இங்கிலாந்தில் அடிமை வணிகம் சட்டம் அனுமதித்த, கௌரவமான தொழில். ஊர் ஒப்புக்கொண்ட பாவம் உறுத்துவதில்லை.

ஓல்னியில் நியூட்டன் குடியிருந்த ஆயர் இல்லத்தின் படிப்பறைச் சுவரில் அவர் எழுதிவைக்கச் செய்த வசனங்கள் உண்டு. ஒன்று ஏசாயாவிலிருந்து. இன்னொன்று உபாகமம் 15-ஆம் அதிகாரம் 15-ஆம் வசனம். எகிப்திலே நீ அடிமையாயிருந்ததையும் கர்த்தர் உன்னை மீட்டதையும் நினைத்துக்கொள் என்பது அதன் பொருள். பிரசங்கம் தயாரிக்க உட்காரும்போதெல்லாம் கண்ணில் படுகிற மாதிரி எழுதச் சொன்னார். பழையதை மறந்துவிட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை என்பதற்கு இது அடையாளம். அந்த வகையில் நல்ல காரியம்.

ஆனால் இன்று வீட்டுக்குப் போனதும் வேதாகமத்தைத் திறந்து அந்த வசனத்துக்கு மேலே உள்ள மூன்று வசனங்களைப் படியுங்கள். 12, 13, 14. உன்னிடம் விலைப்பட்ட அடிமை ஆறு வருஷம் உழைத்திருந்தால் ஏழாம் வருஷத்தில் அவனை விடுதலை செய்; வெறுங்கையாய் அனுப்பாதே; உன் ஆட்டு மந்தையிலும் களத்திலும் ஆலையிலுமிருந்து தாராளமாய்க் கொடுத்து அனுப்பு. இப்படிச் சொல்லிவிட்டுத்தான் நீயும் அடிமையாயிருந்தாய், நினைத்துக்கொள் என்கிறது வேதம். அடிமைகளை விடுவிக்கச் சொல்லும் சட்டத்துக்குக் காரணமாக வருகிற வசனம் அது. அந்தக் காரணத்தை மட்டும் பிய்த்தெடுத்துச் சுவரில் எழுதினார் நியூட்டன். தாம் விற்றவர்களைப் பற்றிய மூன்று வசனங்கள் சுவரில் ஏறவில்லை. எழுத்துக் கூட்டி எபிரெயம் படித்தவர் அவர். அந்த அதிகாரத்தைப் படிக்காதவர் அல்ல. தினமும் பார்த்த வசனத்துக்கு மேலே இருந்தது மட்டும் அவர் கண்ணுக்கு மறைந்திருந்தது.

அந்தக் காலத்தில்தான் புகழ்பெற்ற பாடலும் வந்தது. 1773 ஜனவரி 1, புத்தாண்டு ஆராதனைக்காக எழுதியது. பொருள், நாளாகமத்தின் முதல் புத்தகத்தில் தாவீது ராஜா நான் யார், என் வீடு எம்மாத்திரம் என்று வியந்து நிற்கிற இடம். ஆகவே அடிமை வணிகத்துக்கு மனம் வருந்தி எழுதிய பாட்டு இது என்று மேடையில் சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்த வருத்தம் வர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது.

எப்படி வந்தது என்பதற்கு ஒரே ஒரு நிகழ்ச்சியைக் காரணம் சொல்ல முடியாது. நியூட்டன் 1780-இல் லண்டனில் ஓர் ஆலயத்துக்கு ஆயராக மாறினார். 1785 டிசம்பரில் 26 வயது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் அவரைப் பார்க்க வந்தார். கதவைத் தட்டத் துணியாமல் வீடு இருந்த சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டுத்தான் உள்ளே போனார். வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அரசியலை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இரு என்றார் நியூட்டன். இரண்டே ஆண்டில் வில்பர்ஃபோர்ஸ் அடிமை வணிக ஒழிப்பைக் கையில் எடுத்தார். அப்போது அந்தக் கப்பல்களின் அடித்தட்டை நேரில் கண்ட சாட்சி தேவைப்பட்டது.

1788-இல் நியூட்டன் ஒரு சிறு நூலை வெளியிட்டார். கடலை விட்டு 34 வருஷம் ஆகியிருந்தது. இந்த அறிக்கை மிகத் தாமதமாக வருகிறது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார். தட்டுகளில் மனிதர்களை எப்படி நெருக்கி அடுக்கினார்கள், விலங்கோடு விலங்கு பூட்டியதால் புரண்டு படுக்கவும் முடியாமல் எப்படிக் கிடந்தார்கள், கட்டைவிரல் கருவி எப்படி வேலை செய்தது என்பதையெல்லாம் எழுதினார். தாயோடு வாங்கிய கைக்குழந்தை அழுது தூக்கத்தைக் கெடுத்ததென்று அதைக் கடலில் வீசிய கப்பல் அதிகாரியைப் பற்றியும் எழுதினார். புத்தகம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கைக்குப் போனது. பிறகு அரசாங்கக் குழுவின் முன்னும் நாடாளுமன்றக் குழுவின் முன்னும் நேரில் போய்ச் சாட்சி சொன்னார். லண்டனில் எல்லாரும் மதிக்கிற ஆயர், நான் இதைச் செய்தேன் என்று பதிவேட்டில் ஏறும்படி சொன்னார்.

இப்போது தேதிகளை அடுக்குங்கள். மன்னிப்பு 1748-இல். குற்றத்தின் முழு உருவம் தெரிந்தது 1788-க்கு அருகில். நாம் இதைத் தலைகீழாக நினைத்துப் பழகியிருக்கிறோம்: முதலில் பாவத்தை முழுக்க உணர வேண்டும், அழ வேண்டும், அதற்குக் கூலியாக மன்னிப்பு வரும் என்று. நியூட்டனிடம் மன்னிப்பு முதலில் வந்தது, கண் பிறகுதான் திறந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறவன் தன் குற்றத்தை நேராகப் பார்க்க மாட்டான். சட்டம் அனுமதித்தது, எல்லாரும் செய்தார்கள், நான் செய்யாவிட்டால் வேறொருவன் செய்திருப்பான் என்று வக்கீலைப்போல வாதாடிக்கொண்டே இருப்பான். இனி நீ தள்ளப்பட மாட்டாய் என்ற உறுதி கிடைத்தவன்தான் வாதத்தை நிறுத்திவிட்டு, ஆமாம், நான்தான் என்று சொல்ல முடியும். நியூட்டனுக்கு அதற்கு நாற்பது வருஷம் பிடித்தது. அந்தத் தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அந்த நாற்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேர் அந்தக் கடல் வழியாகக் கடத்திச் செல்லப்பட்டார்கள்!

சகேயுவின் கதையும் இதே வரிசைதான். ஊரை ஏய்த்த வரி வசூல்காரன். காட்டத்தி மரத்தில் இருந்தவனைப் பார்த்து, முதலில் கணக்கைத் தீர்த்துவிட்டு வா என்று இயேசு சொல்லவில்லை. இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். வீட்டுக்குள் வந்த பிறகுதான் பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை என்று சகேயு வாயைத் திறக்கிறான். அவர் வாசலிலேயே நின்று கேட்டிருந்தால் அவன் ரசீதுகளைக் காட்டி நியாயம் பேசியிருப்பான்.

இதற்கு மறுபக்கமாக யூதாஸைப் பாருங்கள். பள்ளியில் மனந்திரும்புதலின் படிகள் என்று சொல்லிக்கொடுக்கிறோமே, எல்லாம் அவனிடம் இருந்தன. மனம் வருந்தினான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டு அறிக்கையிட்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். யாரிடம் கொண்டுபோனான்? பிரதான ஆசாரியரிடம். எங்களுக்கென்ன, அது உன் பாடு என்று அவர்கள் கைவிரித்தார்கள். அவன் முடிவுக்கு அவனை மட்டும் பழிக்கிறோம். அந்த வாசலில் நின்ற ஆசாரியர்களைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை. ஒருவன் நொறுங்கிப்போய்ச் சபையின் படியேறும்போது நம் சபை மூப்பர்கள் அவனிடம் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குக் கேள்வி உண்டு.

இங்கே இன்னொரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். ஓல்னியில் நியூட்டனின் அடுத்த வீட்டுக்காரர் போலவே வாழ்ந்தவர் வில்லியம் கூப்பர், பெரிய கவிஞர். இருவரும் சேர்ந்து 1779-இல் வெளியிட்ட ஓல்னிப் பாடல் தொகுப்பில் 348 பாடல்கள். 60-க்கும் மேல் கூப்பருடையவை. 1773-இன் தொடக்கத்தில், அந்தப் புத்தாண்டு ஆராதனை முடிந்து சில வாரங்களுக்குள், தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற தீர்ப்பைக் கனவில் கேட்டதாக நம்பி அவர் நிலைகுலைந்தார். அதற்குப் பிறகு 27 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆலயத்துக்குள் போகவில்லை. தனக்கு இரட்சிப்பு இல்லை என்ற எண்ணத்தோடேயே 1800-இல் இறந்தார். மனிதர்களை விற்றவர் சமாதானத்தோடு இருந்தார். முயல் வளர்த்துத் தோட்டம் போட்டு யாருக்கும் தீங்கு செய்யாமல் இருந்தவர் தன்னைப் பிரதான பாவி என்று நம்பிச் செத்தார். எவ்வளவு குற்றவுணர்வு இருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு குற்றம் என்று அளக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கூப்பருடையது நோய். நியூட்டனின் கடுமையான பிரசங்கத்தால்தான் அவர் மனம் கெட்டது என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1763-இலேயே, நியூட்டனைச் சந்திப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மனநல மருத்துவரின் பராமரிப்பில் இருந்தவர் கூப்பர். நியூட்டன் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை. உபவாசம் இருக்கச் சொல்லி விரட்டவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் தம் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். குணமாகவில்லை, ஆனாலும் நட்பு விடவில்லை. இந்தச் சபையில் காரணம் புரியாத குற்றவுணர்வில் சாப்பிடாமல் தூங்காமல் இருக்கிறவர் யாராவது இருந்தால், அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஜெபமும் செய்யுங்கள், மாத்திரையும் வாங்கிக்கொடுங்கள். இரண்டும் ஒரே ஆண்டவர் தருவதுதான்.

கடைசியாக, திருப்பிக் கொடுப்பது. சகேயு நாலத்தனை கொடுத்தான். ஏமாந்தவர்கள் எரிகோவிலேயே இருந்தார்கள். நியூட்டன் யாரைத் தேடுவார்? அவர் இறக்கிவிட்டவர்கள் ஆன்டிகுவாவிலும் செயின்ட் கிட்ஸிலும் கரும்புத் தோட்டங்களில் விலைபோய்விட்டார்கள். 1788-இல் அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்? அவர்கள் யாரும் அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார், நீ ஏன் இன்னும் பழசையே கிளறுகிறாய் என்று தாம் ஏமாற்றிய தம்பியிடம் சொல்கிற அண்ணன்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். பங்கு நிலத்தைத் தராமல் மன்னிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்கிறார். தம்பி உயிரோடு இருந்தால் போங்கள். இல்லையென்றால் அவன் பிள்ளைகள் இருப்பார்கள். யாருமே இல்லை என்றால், நியூட்டன் செய்ததுபோல், அதே குற்றம் இன்னொருவருக்கு நடக்காமல் தடுக்கிற இடத்தில் போய் நின்று உண்மையைச் சொல்லுங்கள். கடன் அதனால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

பிரிட்டனில் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. பார்வை போய், நினைவும் தளர்ந்திருந்த நியூட்டன் அதே ஆண்டு டிசம்பர் 21-இல் 82 வயதில் இறந்தார். தம் ஆலயத்தில் வைக்க வேண்டிய நினைவுக் கல்வெட்டின் வாசகத்தை அவரே எழுதிவைத்திருந்தார். ஒரு காலத்தில் தாம் அவிசுவாசியாக, ஒழுக்கம் கெட்டவனாக, ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கும் ஊழியனாக இருந்ததையும், கிறிஸ்துவின் இரக்கம் தம்மை மீட்டு மன்னித்ததையும் அது சொல்கிறது. அவர் அடிமைக் கப்பல்களின் கேப்டனாக இருந்தார் என்ற செய்தி அதில் இல்லை. நாடாளுமன்றக் குழுவின் முன் சொல்ல முடிந்தது, சொந்த ஆலயத்துச் சுவரில் வரவில்லை. சிலர் இதைக் காட்டி அவரைப் பொய்யர் என்கிறார்கள். அச்சில் வெளியிட்டுச் சாட்சியும் சொன்னவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கல்வெட்டில் ஒரு வரி குறைகிறது. அதை எழுதாமல் விட்டவர் மன்னிக்கப்பட்ட மனிதர்.